இரண்டு பள்ளிக்கும் ஒரே பூகோள உருண்டை

நெடுங்கண்மாய்,
12-8-1953

அன்புள்ள மாப்பிள்ளை சிவசாமி அவர்களுக்கு ஆவுடையப்பன் எழுதுவது.

இங்கே வீட்டில் எல்லோரும் சௌக்கியம். என் முழங்கால் வலி மட்டும் வாடகை கொடுக்காமல் கூடவே குடியிருக்கிறது. திருச்சியில் நீங்களும் தங்கச்சி அழகம்மாளும் குழந்தையும் நல்ல சுகம்தானா? எழுதவும்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் ஹைஸ்கூலையும் ஆறு மைல் தள்ளியிருக்கும் சூசையூர் ஹைஸ்கூலையும், பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று சொல்லி ஒன்றாகச் சேர்க்கப் போகிறார்களாம். அந்தப் பைல் கல்வி அதிகாரி ஆபீஸில் உங்கள் மேஜைக்கே வந்திருக்கிறதாம். கீரனூர் பஸ்ஸில் ஒருவர் சொன்னார். ஹெட்மாஸ்டர் நான். எனக்குப் பஸ்ஸில்தான் தெரியவேண்டியிருக்கிறது!

மூன்று வருஷமாக மழை இல்லை. கண்மாயில் தவளைக்குக்கூடத் தண்ணீர் கிடையாது. ஜனங்கள் குடும்பம் குடும்பமாகத் தஞ்சாவூர்ப் பக்கம் களையெடுக்கப் போகிறார்கள். ஆனாலும் நம் ரிஜிஸ்டரில் 146 பேர் இருக்கிறார்கள். நம் ஸ்கூலை மூடிவிட்டால் பிள்ளைகள் சூசையூருக்கு ஆறு மைல் நடக்க வேண்டும், அதை விட்டால் கீரனூர்தான், பதினாலு மைல். பெண்பிள்ளைகளை ஒருவரும் அனுப்பமாட்டார்கள். படிப்பு அதோடு சரி.

சூசையூர் ஹெட்மாஸ்டர் சவரிநாதனை உங்களுக்குத் தெரியும். நானும் அவரும் கீரியும் பாம்பும் என்று ஊரே சொல்லும். எங்களை ஒரே கூரையின் கீழ் வைப்பதாவது! பைலை நாலு பைலுக்கு அடியில் வைத்துவிடுங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

குழந்தைக்கு மாமன் முத்தம்.

இப்படிக்கு,
அன்பு மச்சான்
ஆவுடையப்பன்

*

திருச்சி,
30-8-1953

மச்சான் அவர்களுக்கு வணக்கம்.

நாங்கள் மூவரும் நலம். முழங்காலுக்கு வேப்பெண்ணெயைச் சூடு செய்து தடவச் சொல்கிறாள் உங்கள் தங்கை.

பைலை அடியில் வைக்கும் பழக்கம் எனக்கு இல்லை. வைத்தாலும் நிற்காது. புது அதிகாரி எதையும் நேரில் பார்த்து முடிவு செய்கிறவர். ஆனால் ஒரு நல்ல செய்தி. இழுத்தடிக்காமல் இரண்டு பள்ளிகளையும் ஒரே நாளில் பார்க்கப் போகிறார்கள். அக்டோபர் ஐந்தாம் தேதி ஒரு இன்ஸ்பெக்டர் நெடுங்கண்மாய்க்கும் இன்னொருவர் சூசையூருக்கும் வருவார்கள். உங்களிடம் 146 பேர் இருக்கிறார்கள், கவலை எதற்கு? உள்ளதைக் காட்டுங்கள். மற்றதை நான் நோட்டில் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
சிவசாமி

*

நெடுங்கண்மாய்,
2-9-1953

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எல்லோரும் சுகம். உங்கள் கடிதம் வந்த நிமிஷமே இதை எழுதுகிறேன். தபால்காரரை வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன்.

ஒரே நாளில் மட்டும் வேண்டாம்! எப்பாடு பட்டாவது ஒரு நாளாவது இடைவெளி விட்டு வரச் சொல்லுங்கள். காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். பூகோளப் பாடத்துக்குரிய உருண்டை நம்மிடம் இல்லை. ராஜா காலத்தில் வாங்கியதை எலி கடித்துவிட்டது. சூசையூரில் ஒன்று இருக்கிறது. இன்ஸ்பெக்‌ஷன் என்றால் இரவல் வாங்கி வைத்துக்கொள்வோம். அவர்கள் இன்ஸ்பெக்‌ஷனுக்கு நம் தராசும் எடைக்கற்களும் அங்கே போகும். இதுதான் சங்கதி. ஒரே நாளில் வந்தால் உருண்டையை இரண்டாக வெட்டவா முடியும்?

சண்டைக்காரர்களுக்குள் இரவல் எப்படி என்று கேட்காதீர்கள். அது வேறு, இது வேறு.

பதில் வரும்வரை எனக்குச் சோறு இறங்காது.

ஆவுடையப்பன்

*

திருச்சி,
25-9-1953

மச்சான் அவர்களுக்கு,

நலம். உங்கள் நலத்துக்கு எழுதவும்.

தேதியை மாற்றியாகிவிட்டது. ஐந்தாம் தேதி உங்கள் பள்ளி, ஏழாம் தேதி சூசையூர், இரண்டுக்கும் ஒரே இன்ஸ்பெக்டர். ஒருவரே பார்த்தால்தான் ஒப்பிட்டுப் பார்க்க வசதி என்று அதிகாரியிடம் காரணம் சொன்னேன். பத்து வருஷ சர்வீசில் இப்படி வாய் கூசாமல் பேசியதில்லை. ஓர் உருண்டைக்காகப் பேசினேன். அடுத்த முறை வரும்போது அந்த உருண்டையை எனக்குக் காட்ட வேண்டும்.

உங்கள் கடிதத்தை அழகம்மாளிடம் படித்துக் காட்டினேன். உருண்டை என்ற இடத்தில் சிரித்தாள். ஏன் என்று கேட்டால், “எங்க அண்ணன் எப்பவும் அப்படித்தான்” என்று அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

சிவசாமி

*

திருச்சி,
12-11-1953

மச்சான் அவர்களுக்கு வணக்கம்.

நாங்கள் நலம். தீபாவளிக்கு நீங்கள் வருவீர்கள் என்று குழந்தை வாசலிலேயே நின்றது. வரவும் இல்லை, இரண்டு மாதமாகக் கடிதமும் இல்லை. முழங்கால்தான் காரணம் என்று வைத்துக்கொள்கிறேன்.

இனி அந்த முழங்கால் துள்ளிக் குதிக்கும். ரிப்போர்ட் வந்துவிட்டது. நெடுங்கண்மாயில் 146 பேரும் ஆஜர். சூசையூரில் 139 பேரும் ஆஜர். வறட்சிக் காலத்தில் ஒரு பிள்ளைகூட மட்டம் போடாத பள்ளிகளைத் தன் சர்வீசில் பார்த்ததில்லை என்று இன்ஸ்பெக்டர் எழுதியிருக்கிறார். மொத்தம் 285. இதை வைத்துக்கொண்டு நான் எட்டுப் பக்கம் நோட் எழுதினேன். இரண்டையும் சேர்த்து நெடுங்கண்மாயிலேயே ஒரு பெரிய ஹைஸ்கூல், முதல் பாரத்திலிருந்து ஆறாம் பாரம்வரை ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டு பிரிவு, புதிதாக நாலு வாத்தியார்கள், ஹெட்மாஸ்டர் நீங்கள். அதிகாரி படித்துவிட்டு என் முதுகில் தட்டினார். ஜனவரி முடிவதற்குள் ஆர்டர் ஆகிவிடும்.

ஒரே ஒரு குறை எழுதியிருக்கிறார். மூன்றாம் பாரத்தில், உங்கள் பள்ளியில் ராசாத்தி என்ற பெண்ணும் சூசையூரில் மரிய செல்வி என்ற பெண்ணும் கை ஒடிந்து மூங்கில் பத்தை கட்டியிருந்தார்களாம். இரண்டு பள்ளியிலும் விளையாட்டு நேரத்தில் கவனம் போதாது என்கிறார். பார்த்துக்கொள்ளுங்கள்.

சிவசாமி

*

நெடுங்கண்மாய்,
20-12-1953

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சுகம். பதில் தாமதித்ததற்கு மன்னிக்கவும். ஒரு மாதமாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன்.

இந்தச் சேர்க்கை வேண்டாம் மாப்பிள்ளை. நடுவில் காட்டாறு ஓடுகிறது, மழைக்காலத்தில் வெள்ளம் வந்தால் சூசையூர்ப் பிள்ளைகள் எப்படி வருவார்கள்? அவர்களுக்குத் தேர்த் திருவிழா விடுமுறை, நமக்கு நார்த்தாமலைப் பூச்சொரிதல் விடுமுறை. யாருக்கு எதை விடுவது? நமக்கு இடமும் பற்றாது. எனக்கு ஹெட்மாஸ்டர் வேலையும் வேண்டாம். சவரிநாதனுக்கே கொடுங்கள். அவர் நல்ல மனுஷர்.

இருக்கிற இரண்டும் இருக்கிறபடியே இருக்கட்டும். எப்படியாவது அந்த நோட்டைத் திரும்ப வாங்குங்கள்.

ஆவுடையப்பன்

*

திருச்சி,
24-12-1953

மச்சான் அவர்களுக்கு,

நலம்.

ஆகஸ்டில் கண்மாயில் தவளைக்குத் தண்ணீர் இல்லை என்றீர்கள். டிசம்பரில் காட்டாற்றில் வெள்ளம் என்கிறீர்கள். ஆகஸ்டில் சவரிநாதன் பாம்பு. டிசம்பரில் நல்ல மனுஷர். நான் எந்த மச்சானுக்குப் பதில் எழுதுவது?

பள்ளியைக் காப்பாற்று என்றீர்கள். காப்பாற்றினேன். தேதியை மாற்று என்றீர்கள். பொய் சொல்லி மாற்றினேன். இப்போது நோட்டைத் திரும்ப வாங்கு என்கிறீர்கள். என் கையெழுத்துப் போட்டு மேலே போன நோட்டை எதைச் சொல்லித் திரும்ப வாங்குவது? திருவிழா விடுமுறையைச் சொல்லியா? வரம் கொடுத்தவன் தலையிலேயே கை வைக்கிற கதையாக இருக்கிறது.

சரியான காரணம் ஒன்று இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் இதைப் பற்றி எழுதவே வேண்டாம்.

சிவசாமி

*

திருச்சி,
5-1-1954

அண்ணனுக்கு அழகம்மாள் வணக்கம்.

நான் சுகம், இது ஏழாம் மாதம். குழந்தைக்குச் சளி, இப்போது தேவலை. அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். இந்தக் கடிதத்தை உங்கள் மாப்பிள்ளைக்குத் தெரியாமல் எழுதுகிறேன். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அவருக்குத் தெரியாமல் செய்யும் முதல் காரியம் இதுதான்.

அண்ணே, எனக்குப் பதினோரு வயசில் நீங்கள் என்னைச் சூசையூருக்கு மாட்டுவண்டியில் ஏற்றி அனுப்பினது உங்களுக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்குமா? ராஜா காலத்து இன்ஸ்பெக்டர் அங்கே வருகிறார், பிள்ளை பற்றவில்லை என்று எங்களில் இருபது பேரை அனுப்பினீர்கள். அண்ணி ஈரத்துணியால் எங்கள் நெற்றித் திருநீற்றைத் துடைத்துவிட்டார். எனக்கு அன்றைக்கு வைத்த பேர் மரிய ஞானம். “பேரு கூப்பிட்டா ஒடனே உள்ளேன் ஐயான்னு சொல்லணும், முழிக்கப்பிடாது” என்று சவரிநாதன் சார் சொல்லிக்கொடுத்தார். திரும்பும்போது ஆளுக்கு ஒரு பனங்கிழங்கு. அடுத்த மாதம் அவர்கள் பிள்ளைகள் நம் ஊருக்குக் கழுத்துச் சிலுவைக் கயிற்றைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு வந்தார்கள்.

உருண்டை என்று நீங்கள் எழுதினபோது சிரித்துவிட்டேன். கை ஒடிந்த பெண் இரண்டு ஊரிலும் இருக்கிறாள் என்று இவர் படித்தபோது சிரிப்பு வரவில்லை. அந்த 285-இல் எத்தனை பிள்ளை நிஜம்?

எட்டுப் பக்கமும் இவர் கைப்பட எழுதினது. ஜூனில் பள்ளி திறந்து பாதிப் பிள்ளை இல்லை என்றால் முதலில் யார் கழுத்தைப் பிடிப்பார்கள்? பொங்கலுக்குள் நீங்களே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் நான் சொல்வேன். அண்ணன் என்று பார்க்கமாட்டேன்.

தங்கை
அழகம்மாள்

*

நெடுங்கண்மாய்,
10-1-1954

மாப்பிள்ளை அவர்களுக்கு,

சுகம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை. இருந்தாலும் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

உருண்டை மட்டும் இரவல் இல்லை. பிள்ளைகளும் இரவல்தான்.

என்னிடம் உள்ளபடி இருப்பவர்கள் 84 பேர். சூசையூரில் 79. ஐந்தாம் தேதி அவர்கள் இங்கே வந்து நின்றார்கள், ஏழாம் தேதி நம் பிள்ளைகள் அங்கே போய் நின்றார்கள். இன்ஸ்பெக்டர் ரிஜிஸ்டரைப் பார்த்தாரே தவிர முகங்களைப் பார்க்கவில்லை. சவரிநாதனும் நானும் ஊருக்குத்தான் சண்டைக்காரர்கள். இருவரும் சேர்ந்து இருந்தால் யாராவது சந்தேகப்படுவார்கள் என்று ஆரம்பித்தது, பதினாறு வருஷமாக அப்படியே நடக்கிறது. கை ஒடிந்தவள் ஒரே பெண்தான், மரிய செல்வி. அவள் வேண்டாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். தானும் வண்டியில் வருவேன் என்று அழுதாளாம்.

பொய்ப் பேர் ஒன்றுகூட நான் எழுதவில்லை. இதை மட்டும் நம்புங்கள். ரிஜிஸ்டரில் இருக்கும் 146 பேரும் நம் பிள்ளைகள். அதில் 62 பேர் அப்பன் ஆத்தாவோடு தஞ்சாவூர்ப் பக்கம் போய்விட்டார்கள். ராசாத்தியின் அப்பா கருப்பன் போகும்போது என்னிடம் வந்து, “மழை பேஞ்சா வந்துருவோம் சார். புள்ள பேர மட்டும் அடிச்சிராதீங்க” என்று கும்பிட்டான். நான் அடிக்கவில்லை. ஒவ்வொருவனும் அப்படித்தான் கேட்டான். நான் எந்தப் பேரை அடிப்பேன்? அடிக்காமல் வைத்தால் அந்தப் பேருக்கு யாராவது எழுந்து நிற்க வேண்டுமே, அதற்குத்தான் இரவல்.

கோபத்தில் சொல்லவில்லை, வெட்கத்தில் சொல்கிறேன். உங்களை இதில் இழுத்துவிட்டது பாவம். தப்பு முழுவதும் என்னுடையது என்று தனியாக ஒரு கடிதம் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். அதிகாரியிடம் கொடுத்துவிடுங்கள்.

ஆவுடையப்பன்

*

திருச்சி,
18-3-1954

நெடுங்கண்மாய் ஹைஸ்கூல் ஹெட்மாஸ்டர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை அதிகாரியிடம் நான் கொடுக்கவில்லை. என் நோட் தப்பு, இரண்டு பள்ளியிலும் சேர்த்து 163 பேர்தான் என்று நானே போய்ச் சொன்னேன். எப்படித் தெரியும் என்று கேட்டார். உறவுக்காரர் சொன்னார் என்றேன். வெகுநேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிவு வருமாறு. பள்ளிகள் ஜூன் முதல் நெடுங்கண்மாயில் ஒன்றாகும். ஒவ்வொரு பாரத்துக்கும் ஒரு பிரிவுதான். புது வாத்தியார்கள் இல்லை. ஹெட்மாஸ்டர் வெளியூரிலிருந்து வருவார். நீங்களும் திரு. சவரிநாதனும் சாதாரண ஆசிரியர்கள். வராத பிள்ளைகளின் பேர்களை நீங்களே உங்கள் கையால் ரிஜிஸ்டரிலிருந்து நீக்க வேண்டும். வேலை போகாமல் இருப்பதற்கு அதிகாரியின் பெருந்தன்மைதான் காரணம். என்னை ரிகார்டு அறைக்கு மாற்றியிருக்கிறார்.

இன்னொன்றும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு பள்ளியும் சேர்ந்து 150 பேர் இருந்தாலே ஒரு ஹைஸ்கூல் கிடைத்திருக்கும். போன ஆகஸ்டில் 84 என்று உள்ளதை எழுதியிருந்தால் இதே ஆர்டர் வந்திருக்கும், நீங்கள் ஹெட்மாஸ்டராகவே இருந்திருப்பீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பெண் குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. தாயும் சேயும் நலம்.

சிவசாமி

*

நெடுங்கண்மாய்,
14-11-1954

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எட்டு மாதமாக நீங்களும் எழுதவில்லை, எனக்கும் எழுதக் கை வரவில்லை. இங்கே சுகம். மருமகளை இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. அவள் சுகத்துக்காவது ஒரு வரி எழுதவும். தங்கச்சியிடம் அவள் செய்தது சரிதான் என்று சொல்லவும்.

ஜூனில் பேர்களை நீக்கினேன். என்னுடையது 62, சவரிநாதனுடையது 60. இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சிவப்பு மையில் அடித்தோம். அவர் ஒவ்வொரு பேரையும் வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் அடித்தார். இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஓடிய அதே மாட்டுவண்டிகள் இப்போது தினமும் சூசையூர்ப் பிள்ளைகளைக் கொண்டுவருகின்றன. ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். யார் யாருக்காக நின்றார்கள் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிகிறது.

இந்த ஐப்பசியில் மழை பெய்தது மாப்பிள்ளை. கண்மாய் முக்கால் நிரம்பிவிட்டது. நிரம்பாமல் இருந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வயிற்றெரிச்சல் இல்லை. போன வாரம் கருப்பன் ராசாத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றான். “சொன்னபடி வந்துட்டோம் சார்” என்றான். புது ஹெட்மாஸ்டர் ரிஜிஸ்டரைப் பார்த்தார். நடுவருஷத்தில் சேர்க்க வேண்டுமானால் படித்த இடத்திலிருந்து சர்ட்டிபிகேட் வேண்டும் என்றார். அவள் தஞ்சாவூரில் களையெடுத்துக்கொண்டிருந்தாள். வயல் சர்ட்டிபிகேட் கொடுக்குமா? கருப்பன் என்னைப் பார்த்தான். “பேர அடிக்கமாட்டேன்னு சொன்னீங்களே சார்” என்று மட்டும் கேட்டான். என்னை அடித்திருந்தால் தேவலை.

ராசாத்தி போகவில்லை. தினமும் வந்து நாலாம் பாரத்தில் கடைசி பெஞ்சில், தன் ஊர்க் கூட்டாளிகளோடு உட்கார்ந்துகொள்கிறாள். பேர் இல்லை, அதனால் நான் கூப்பிடுவதும் இல்லை. “இவதாண்டி போன வருசம் ஒனக்காக நின்னா” என்று மரிய செல்வியை அவளுக்குக் காட்டியிருக்கிறார்கள்.

நேற்று மரிய செல்விக்குக் காய்ச்சல், வரவில்லை. நான் ஆஜர் எடுத்துக்கொண்டே போய் “மரிய செல்வி” என்றேன். கடைசி பெஞ்சில் ராசாத்தி எழுந்து, “உள்ளேன் ஐயா” என்றாள்.

பதினாறு வருஷம் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்தது அது. ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு மரிய செல்விக்கு ஆப்சென்ட் போட்டேன். ராசாத்தி அதையும் பார்த்தாள். மணி அடிக்கும்வரை உட்காரவில்லை.

எனக்கு ரூல் தெரியாது. போன தடவை கேட்காமல் செய்தேன். இந்தத் தடவை கேட்கிறேன். அந்தப் பெண்ணைச் சேர்க்க ஏதாவது வழி இருக்கிறதா?

ஆவுடையப்பன்

*

(கார்டு)

திருச்சி,
17-11-1954

மச்சானுக்கு,

உங்கள் மருமகள் தவழ்கிறாள். அழகம்மாள் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தாள்.

ரிகார்டு அறையில் எலிக்கும் எனக்கும் நேரம் நிறைய. ரூல் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை புரட்டிவிட்டேன். வழி இல்லை. களையெடுக்கப் போய்வந்த பிள்ளைக்கு என்று ஒரு வரியும் அதில் இல்லை. திங்கட்கிழமை நானே மனு எழுதி அதிகாரியிடம் எடுத்துப் போகிறேன். அவர் மறுபடி ஜன்னலைப் பார்த்தால் பார்க்கட்டும், நான் நிற்கிறேன். உங்கள்மேல் எனக்குக் கோபமும் இருக்கிறது மச்சான், அது தீரவில்லை.

கருப்பன் ஊரைவிட்டுப் போன தேதியையும் திரும்பி வந்த தேதியையும் ஒரு தாளில் எழுதி, அவன் கைநாட்டு வாங்கி உடனே அனுப்புங்கள், மனுவோடு வைக்கிறேன். பதில் வரும்வரை பிள்ளையைத் துரத்த வேண்டாம். ஆஜர் போடவும் வேண்டாம். இவளை எந்தப் பேரில் உட்கார வைத்திருக்கிறீர்கள் என்று ஹெட்மாஸ்டர் கேட்டால், என் பேரைச் சொல்லுங்கள்.

சிவசாமி